ட்ரீம் தியேட்டரின் ஆகச் சிறந்த ஆல்பம் எது, ஆக மோசமானது எது: வாதிடப் புகுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீண்ட, சிக்கலான கட்டமைப்புடைய கனமான ராக் இசையான புரோகிரசிவ் மெட்டலின் ரசிகர்கள் இருவர் சேர்ந்தால் பேச்சு வெகு சீக்கிரம் ட்ரீம் தியேட்டரிடம் வந்து சேரும். வந்ததும், எந்த ஆல்பம் உச்சம், எது சரிவு என்ற வழக்கு தொடங்கிவிடும். 1985இல் பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த கிதார் கலைஞர் ஜான் பெட்ரூச்சி, பேஸ் கலைஞர் ஜான் மியுங், டிரம்மர் மைக் போர்ட்னாய் ஆகிய மூவரும் மெஜஸ்டி என்ற பெயரில் தொடங்கிய இந்தக் குழு, 1989 முதல் 2025 வரை 16 ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது. இதற்கிடையே பாடகர் ஒருமுறையும் கீபோர்டு கலைஞர் இருமுறையும் மாறினார்கள். டிரம்மர் விலகிப் போய், பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் மனம் முறிந்து விலகினார்கள், இன்னொரு பகுதியினர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அதனால் இன்று இந்த வாதத்தில் உட்காருபவர்கள் ஒரே குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வெவ்வேறு குழுக்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்தக் குழப்பத்தை விலக்கி, கேட்டதை வைத்து நியாயமாக வாதிடுவதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்வதே இங்கு நோக்கம். பல ஆண்டுகளாக இந்த ஆல்பங்களோடு வாழ்ந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்து, ஒருவர் வாசிப்பதை மற்றவர் மறித்தும் வளைத்தும் எழுதிய ஆல்பங்களே இந்தக் குழுவின் நல்ல ஆல்பங்கள். அந்த உரசல் எங்கே குறைந்ததோ அங்கேதான் சரிவு தொடங்கியது. இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

படி 1: எதை எண்ணுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டியலில் 16 ஸ்டுடியோ ஆல்பங்கள் மட்டுமே இருக்கட்டும். 1995இல் வந்த 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' ஒரு குறும்தொகுப்பு. அதன் 23 நிமிடத் தலைப்புப் பாடல் இந்தக் குழு எழுதியவற்றிலேயே முதல் வரிசையில் நிற்கக்கூடியது. ஆனால் எஞ்சிய பகுதி முழுவதும் மற்ற குழுக்களின் பாடல்களை மேடையில் இசைத்த பதிவுகள் என்பதால், முழு ஆல்பங்களோடு அதை நிறுத்துவது இரு தரப்புக்கும் நியாயமாகாது. பெட்ரூச்சி, போர்ட்னாய், கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடெஸ் ஆகியோர் பேஸ் கலைஞர் டோனி லெவினுடன் சேர்ந்து உருவாக்கிய லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட் என்ற குழுவின் ஆல்பங்களையும் வெளியே வைத்துவிடலாம். மேடைப் பதிவுகளும் டெமோக்கள் எனப்படும் மாதிரிப் பதிவுகளும் பட்டியலில் இடம்பெறக் கூடாது, ஆனால் சாட்சியங்களாக அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவற்றின் அருமை ஆறாம் படியில் தெரியவரும்.

படி 2: வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள்

புதியவர்களிடம் "இந்த மூன்றை மட்டும் கேள், போதும்" என்று சொல்லும் பழக்கம் இந்த ரசிகர்களிடையே உண்டு. அறிமுகத்துக்கு அது பரவாயில்லை. தீர்ப்பு சொல்ல அது உதவாது. இந்தக் குழுவின் ஆல்பங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசுபவை. 1999இல் வந்த 'மெட்ரோபோலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஒரு இரைச்சலோடு முடிகிறது, 2002இல் வந்த 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' அதே இரைச்சலோடு தொடங்குகிறது. அதன் கடைசி ஸ்வரக்கூட்டு 2003இன் 'ட்ரெயின் ஆஃப் தாட்' ஆல்பத்தைத் தொடங்கி வைக்கிறது. அதன் இறுதியில் ஒலிக்கும் பியானோ ஸ்வரம் 2005இன் 'ஆக்டவேரியம்' ஆல்பத்தின் முதல் ஒலியாகிறது, அந்த ஆல்பமோ தன் தொடக்கத்திலேயே வந்து முடிந்து வட்டத்தை மூடிக்கொள்கிறது. மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட அனுபவத்தைப் போர்ட்னாய் ஐந்து பாடல்களாக எழுதி, 2002 முதல் 2009 வரை வந்த ஐந்து ஆல்பங்களில் ஆல்பத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்; முந்தைய பாடலின் ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்கள்) வரிகளும் பிந்தைய பாடலில் திரும்ப வரும். இதைத் தொடராகக் கேட்காதவருக்கு, 2009இல் வரும் இறுதிப் பாடலான 'தி ஷாட்டர்ட் ஃபோர்ட்ரெஸ்' பழையதையே திரும்ப வாசிப்பதாகத் தோன்றும்; கேட்டவருக்கு ஒரு நீண்ட கணக்கு நேராவதாகத் தோன்றும்.

ஒவ்வொரு ஆல்பத்தையும் இடைவிடாமல் ஒருமுறை, சில நாள் இடைவெளிக்குப் பின் மறுமுறை, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் முறை எனக் கேளுங்கள். முதல் தடவை தோன்றியதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். இந்த இசையில் முதல் தடவை பிடித்தது மூன்றாம் தடவை சலிப்பதும், முதல் தடவை புரியாதது பின்னர் விடாமல் பற்றிக்கொள்வதும் சாதாரணமாக நடக்கும். அந்த மாற்றத்தின் திசையே ஒரு ஆல்பத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் நல்ல தகவல்.

படி 3: ஒலிப்பதிவை வேறாகவும் இசையமைப்பை வேறாகவும் மதிப்பிடுங்கள்

வாதங்கள் மிக அதிகமாகத் தடம்புரளும் இடம் இதுதான். ஒருவர் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் ஸ்நேர் டிரம்மின் ஒலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இருவரும் "ஆல்பம்" என்றே சொல்வார்கள்.

1989இன் 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய, உயிர் வற்றிய ஒலி. குழுவின் அப்போதைய பாடகர் சார்லி டொமினிசியின் குரல் இந்த இசையின் எடைக்குப் பொருந்தாமல் மேலே மிதக்கிறது. இந்த இரண்டு காரணங்களாலேயே பலர் அதைக் கடைசி இடத்தில் வைக்கிறார்கள். ஆனால் 2004 மார்ச்சில், வெளியாகி 15 ஆண்டுகள் நிறைந்தபோது, குழு இந்த ஆல்பம் முழுவதையும் லாஸ் ஏஞ்சலிஸில் மேடையில் வாசித்தது. டொமினிசிக்குப் பின் பாடகராக வந்த ஜேம்ஸ் லாப்ரி பாட, ரூடெஸ் கீபோர்டு வாசிக்க, டொமினிசியும் நிகழ்ச்சியின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தார். அந்தப் பதிவைக் கேட்டால் 'தி கில்லிங் ஹேண்ட்' என்ற பாடலின் கட்டமைப்பு எவ்வளவு முதிர்ந்தது என்பது தெளிவாகும். அதை எழுதியவர்கள் அப்போதுதான் கல்லூரியை விட்டு வந்த இளைஞர்கள். இசையமைப்புக்காக மட்டும் மதிப்பிட்டால், இந்த ஆல்பம் கடைசி இடத்துக்கு உரியதல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1992இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர், போர்ட்னாயின் விருப்பத்துக்கு மாறாக, டிரம்ஸ் ஒலியை மின்னணு முறையில் மாற்றி வைத்தார். ஸ்நேரின் ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி விழுகிறது. போர்ட்னாய் இதைப் பற்றிப் பலமுறை வெளிப்படையாகக் குறைபட்டிருக்கிறார், அந்தக் குறை உண்மையானதே. ஆனாலும் அந்த ஆல்பத்தை யாரும் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் பாடல்கள் ஒலியைத் தாண்டிப் பேசுகின்றன. முதல் ஆல்பத்தின் ஒலிக்குறையை மன்னிக்காமல் இரண்டாவதன் ஒலிக்குறையை மட்டும் மன்னிப்பவர், தான் எந்த அளவுகோலால் அளக்கிறார் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஒலிக்கு ஒரு மதிப்பெண், இசையமைப்புக்கு இன்னொன்று எனத் தனித்தனியாக எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

நீளமும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. 'அவேக்' ஆல்பம் முதற்கொண்டு இந்தக் குழு குறுந்தகட்டின் கொள்ளளவை விளிம்பு வரை நிரப்பும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. பெரும்பாலான ஆல்பங்கள் 70 நிமிடத்தை ஒட்டியோ தாண்டியோ போகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் முடிபவை முதல் இரண்டு ஆல்பங்களும் 2019இன் 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' ஆல்பமும் மட்டுமே. நீண்ட ஆல்பத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: எந்தப் பாடலை எடுத்துவிட்டால் ஆல்பம் மேம்படும் என்று கேளுங்கள். விடை உடனே வந்தால் அது ஆல்பத்தின் குறை. எதை எடுத்தாலும் குறைவுபடும் என்று தோன்றினால், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது உச்சத்துக்கான போட்டியில் உள்ள ஒன்று.

படி 4: லாப்ரியின் குரலை அதன் காலத்தோடு வைத்துக் கேளுங்கள்

கனடாவைச் சேர்ந்த லாப்ரி 1994 டிசம்பரில் கியூபாவில் விடுமுறையில் இருந்தபோது உணவு நஞ்சாகி, கடும் வாந்தியால் குரல் நாண்கள் கிழிந்தன. அதிலிருந்து முழுமையாக மீளப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆகவே 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தின் உச்சஸ்தாயியைப் பிற்கால ஆல்பங்களில் தேடிப் பார்த்து, அது கிடைக்கவில்லை என்பதற்காக அவற்றை மட்டம் தட்டுவது, பாடகரின் உடலுக்கு நேர்ந்ததை ஆல்பத்தின் மேல் ஏற்றுவதாகும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தந்த ஆண்டில் அவருக்கு இருந்த குரலுக்குத் தக்கபடி மெட்டு எழுதப்பட்டதா? 2021இன் 'எ வியூ ஃப்ரம் தி டாப் ஆஃப் தி வேர்ல்ட்' இதற்குப் பெரும்பாலும் ஆம் என்கிறது.

படி 5: உச்சத்துக்கான வழக்கை மூன்று ஆல்பங்களுக்குள் நடத்துங்கள்

முதல் இடத்துக்கு எந்த ஆல்பத்தையும் முன்மொழியலாம். ஆனால் நீண்டகாலமாக ரசிகர்கள் கேட்டு வாதாடி நிலைத்து நிற்பவை மூன்று: 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்', 1994இன் 'அவேக்', 1999இன் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. நான்காவதாக ஒன்றைக் கொண்டு வருபவர், இந்த மூன்றையும் அது எங்கே மிஞ்சுகிறது என்று காட்டட்டும்.

'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தின் பலம், அது ஒரு வகைமையையே வரையறுத்தது என்பது. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் 'புல் மீ அண்டர்' அமெரிக்க ராக் வானொலிப் பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. அந்த நீளத்தில் ஒரு மெட்டல் பாடலுக்கு அது அன்று நினைத்துப் பார்க்க முடியாத இடம். கிரன்ஜ் இசை அமெரிக்காவை ஆண்டுகொண்டிருந்த ஆண்டு அது என்பதையும் நினைவில் வையுங்கள். 'மெட்ரோபோலிஸ் பார்ட் 1' பாடலின் நடுப்பகுதியில் கிதாரும் கீபோர்டும் பேஸும் ஒரே வாக்கியத்தை மூன்று குரல்களில் சொல்வது, மியுங் வரிகள் எழுதிய 'லேர்னிங் டு லிவ்' பாடல் பதினொரு நிமிடங்களில் தன் கருப்பொருளை மெல்ல மெல்லத் திறப்பது, இவை இரண்டும் இன்றும் பழையதாகவில்லை. இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியது டிரம்ஸ் ஒலியும் 'அனதர் டே' பாடலின் மிகையான இனிமையும்தான். சாக்சஃபோன் எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தப் பாடல் ஆல்பத்தின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது.

'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஒரே கதையைச் சொல்லும் ஆல்பம். நிக்கோலஸ் என்பவன் மனவசியச் சிகிச்சையின் மூலம் தன் முற்பிறப்பைக் காண்கிறான். விக்டோரியா என்ற பெண், அவளைக் காதலித்த இரு சகோதரர்கள், 1928இல் நடந்த கொலை என்று கதை விரிகிறது. இதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் இதை எடைபோட முடியாது. முந்தைய ஆல்பத்தில் இசை வெளியீட்டு நிறுவனத்தின் தலையீட்டால் சலிப்புற்ற குழு, இதன் தயாரிப்பைப் பெட்ரூச்சியும் போர்ட்னாயும் ஏற்க, தாம் விரும்பியபடியே எழுதியது. ஜூலியார்டில் பயின்ற ரூடெஸ் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற ஆறு நிமிட வாத்திய இசையில் தாளக்கட்டு நூறு முறைக்கும் மேல் மாறுகிறது. அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதில் வரும் கருப்பொருள்கள் ஆல்பத்தின் மற்றப் பாடல்களிலிருந்தும் 1992இன் முதல் பாகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை என்பதைக் காதால் தேடிக் கண்டுபிடியுங்கள். அப்போதுதான் அது வித்தை காட்டல் என்ற குற்றச்சாட்டுக்கு விடை கிடைக்கும். 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்' பாடலின் எளிமை, அதற்கு முன் வந்த சிக்கல்களால்தான் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. ஆல்பத்தின் பலவீனம் கதை வசனத்தில் இருக்கிறது: சில வரிகள் பாட்டாகாமல் தகவலாகவே நின்றுவிடுகின்றன.

என் வாக்கு 'அவேக்' ஆல்பத்துக்கு. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்றில் உடனே வசப்படாதது இதுதான். இதில் பெட்ரூச்சி ஏழு தந்திக் கிதாரை எடுக்கிறார், ஒலி கனமாகிறது, நிறங்கள் இருள்கின்றன. 'தி மிரர்' பாடலின் இறுகிய ரிஃப் தடையின்றி 'லை' பாடலுக்குள் நுழைவதும், 'ஈரோடோமேனியா', 'வாய்சஸ்', 'தி சைலன்ட் மேன்' ஆகிய மூன்றும் ஒரே மனநிலையின் மூன்று முகங்களாக நிற்பதும் வேறெந்த ஆல்பத்திலும் இவ்வளவு இயல்பாக அமையவில்லை. அதற்கும் மேலாக, இந்த ஆல்பத்தில் ஐந்து பேர் ஐந்து திசைகளில் இழுப்பது கேட்கிறது. கீபோர்டு கலைஞர் கெவின் மூர் குழுவிலிருந்து மனதளவில் விலகிக்கொண்டிருந்தார். பதிவான ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்ஸிங் நடந்த காலத்திலேயே வெளியேறினார். அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாடலாக இருக்கிறது. பியானோவும் தனிமையும் மேலோங்கிய அந்தப் பாடலைக் குழு 2014 வரை மேடையில் வாசிக்கவில்லை. மூர் எப்போதும் குறைவாகவே வாசித்தார். மற்றவர்கள் நிரப்பத் துடித்த இடங்களை அவர் காலியாக விட்டார். அந்த இழுபறியே 'அவேக்' ஆல்பத்தின் உயிர், பிற்காலத்தில் கீபோர்டும் கிதாரும் ஒரே வேகத்தில் இணைந்து ஓடும்போது நான் தேடுவதும் அதைத்தான்.

படி 6: அடிமட்டத்துக்கான வழக்கில், ஆல்பத்தின் மேல் எடுக்கப்பட்ட முடிவுகளையும் பாடல்களையும் பிரியுங்கள்

"மோசம்" என்று அதிகம் சொல்லப்படுபவை இரண்டு: 1997இன் 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி', 2016இன் 'தி அஸ்டானிஷிங்'. இரண்டும் ஒரே கூண்டில் நிறுத்தப்படுகின்றன, ஆனால் இரண்டின் குற்றங்களும் நேர் எதிரானவை.

'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' வெளியிலிருந்து வந்த அழுத்தத்தின் விளைவு. டெரெக் ஷெரினியன் கீபோர்டில் இருந்த காலம். குழு இரட்டை ஆல்பத்துக்குப் போதுமான பாடல்களை எழுதி வைத்திருந்தது. நிறுவனம் சுருக்கமான, வானொலிக்கு ஏற்ற பாடல்களை எதிர்பார்த்தது. 'யூ நாட் மீ' என்ற பாடலைச் சீராக்கப் பிரபல பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்ட் அழைக்கப்பட்டார். தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி ஒரு நீண்ட பாடலின் வாத்தியப் பகுதியை வெட்டி எடுத்து, 'பர்னிங் மை சோல்', 'ஹெல்ஸ் கிச்சன்' என இரண்டாக்கினார். இங்குதான் டெமோக்கள் சாட்சியாக வருகின்றன. 1996–97 டெமோக்களைப் போர்ட்னாயின் யட்சிஜாம் ரெக்கார்ட்ஸ் பின்னாளில் வெளியிட்டது; அவற்றில் ஒதுக்கப்பட்ட 'ரெய்ஸ் தி நைஃப்' போன்ற பாடல்களும், பின்னர் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஆக வளர்ந்த வாத்திய இசையின் முதல் வடிவமும் இருக்கின்றன. அவற்றையும் ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இரண்டு உண்மைகள் புலப்படும். வெளியேற்றப்பட்டவற்றில் சில, உள்ளே வைக்கப்பட்டவற்றைவிட மேலானவை என்பது ஒன்று. உள்ளே வைக்கப்பட்ட 'லைன்ஸ் இன் தி சாண்ட்', 'ட்ரையல் ஆஃப் டியர்ஸ்', 'பெருவியன் ஸ்கைஸ்' ஆகியவை எந்த ஆல்பத்திலும் பெருமையோடு நிற்கக்கூடியவை என்பது மற்றொன்று. மூன்று பாடல்கள் இந்தத் தரத்தில் இருக்கும் ஒரு ஆல்பத்தைக் கடைசியில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குழு ஒரே அறையில்தான் எழுதியது. அறைக்குள் வெளியாட்கள் நுழைந்ததே அதன் குறை.

'தி அஸ்டானிஷிங்' மீது எந்த நிறுவனமும் எதையும் திணிக்கவில்லை. கதையும் வரிகளும் முழுவதும் பெட்ரூச்சியுடையவை, இசை பெட்ரூச்சியும் ரூடெஸும் எழுதியது, ஆர்கெஸ்ட்ரா அமைப்பு டேவிட் கேம்பெல் செய்தது. இரண்டு தட்டுகள், 34 பகுதிகள், சுமார் 130 நிமிடங்கள். 2285ஆம் ஆண்டில், மனிதர்கள் இசைப்பதை மறந்து இயந்திரங்கள் மட்டுமே ஒலியெழுப்பும் ஒரு பேரரசில், பாடும் வரம் பெற்ற கேப்ரியல் என்ற இளைஞனின் கதை. எல்லாப் பாத்திரங்களுக்கும் லாப்ரி ஒருவரே குரல் கொடுக்கிறார், அந்த உழைப்புக்கு என் மதிப்பு குறையாது. ஆனால் மனித இசையின் வெற்றியைக் கொண்டாடும் கதையில், இசைக்கும் ஐந்து மனிதரில் இருவர் வாத்தியங்களோடு பின்னால் நிற்கவைக்கப்பட்டிருக்கிறார்கள். மியுங்கின் பேஸ் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ராவின் அடியில் கரைந்துவிடுகிறது. போர்ட்னாய்க்குப் பதிலாக அப்போது வாசித்த மான்ஜினி போன்ற டிரம்மருக்கு மென்பாடல்களில் தாளம் பிடிப்பதைத் தவிர வேலை குறைவு. மெதுவான பாடல் ஒன்று முடிந்ததும் இன்னொரு மெதுவான பாடல், இடையிடையே இயந்திர இரைச்சல். எடுத்துவிடும் சோதனையை இதற்கு வைத்துப் பாருங்கள்: பாதிக்கு மேல் எடுத்தாலும் கதைதான் குறைகிறது, இசை குறைவதில்லை. 'எ நியூ பிகினிங்' பாடலின் இறுதியில் பெட்ரூச்சி வாசிக்கும் சோலோவையும் 'மொமென்ட் ஆஃப் பிட்ரேயல்' பாடலையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த ஆல்பமே என் பட்டியலின் கடைசி.

இதை எதிர்த்து வாதிட விரும்புபவர், ஆல்பத்தை இசை நாடகமாகக் கொள்ள வேண்டும் என்று தொடங்கட்டும். அது நேர்மையான வாதம். அந்த அளவுகோலை ஏற்றால் முதல் தட்டு கணிசமாக உயரும் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன்; இரண்டாம் தட்டின் கதை முடிவு அப்போதும் உயராது.

படி 7: டிரம்மர் வழக்கைத் தனியாக நடத்துங்கள்

2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகினார். குழு சில காலம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார், மற்றவர்கள் இசையவில்லை. ஏழு டிரம்மர்களைச் சோதித்து, பெர்க்லீயில் ஆசிரியராக இருந்த மைக் மான்ஜினியை எடுத்தார்கள். அன்றிலிருந்து 2023 அக்டோபரில் போர்ட்னாய் திரும்பியது வரை, எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினாலும் பேச்சு இந்த இருவரிடமே வந்து நின்றது. கடந்த பத்தாண்டுகளின் விவாதங்களில் பாதியை வீணாக்கியது இந்த ஒரு விஷயம்தான்.

மான்ஜினி காலத்து ஐந்து ஆல்பங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளாதீர்கள். ஒவ்வொன்றிலும் அவருக்குக் கிடைத்த இடம் வேறு. 2011இன் 'எ டிராமேட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்' எழுதப்பட்டபோது அவர் அறையிலேயே இல்லை. பெட்ரூச்சி கணினியில் அமைத்துக் கொடுத்த தாளங்களை அடிப்படையாக வைத்து வாசித்தார். என் அளவுகோலின்படி இது சரிந்திருக்க வேண்டும். ஆனால் 'பிரிட்ஜஸ் இன் தி ஸ்கை', 'பிரேக்கிங் ஆல் இல்யூஷன்ஸ்' ஆகியவை அந்த ஆண்டுகளின் மிகச் சிறந்த படைப்புகளில் சேர்ந்தவை. பிரேக்கிங் ஆல் இல்யூஷன்ஸ் பாடலின் வரிகளில் மியுங்கும் பங்கெடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தங்களுக்கு எதிர்காலம் உண்டு என்று நிரூபிக்க வேண்டிய அவசரம் நால்வரையும் ஒன்றுசேர்த்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன். விதி முறிந்த இடம் இது, முறிந்ததாகவே இருக்கட்டும். 2013இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் மான்ஜினி எழுதுவதிலும் பங்கெடுத்தார். ஆனால் டிரம்ஸ் ஒலி தட்டையாக இருந்ததால் அந்தப் பங்கு காதில் விழவில்லை. மூன்றாம் படியில் சொன்ன பிரிவினை இதற்கு மிகவும் தேவைப்படும்.

இந்தக் காலத்தின் சிறந்த ஆல்பம் 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' என்பது என் முடிவு. 2018இல் ஐவரும் நியூயார்க் மாநிலத்தின் மான்டிசெல்லோவில் ஒரு பண்ணைக் கட்டட ஸ்டுடியோவில் ஒன்றாகத் தங்கி இதை எழுதினார்கள். பத்து நிமிடத்தைத் தொடும் பாடல் ஒன்றுகூட இல்லை, பேஸ் தெளிவாகக் கேட்கிறது, மான்ஜினி சிரித்துக்கொண்டே வாசிப்பது போல இருக்கிறது. 2021இன் ஆல்பத்திலுள்ள 'தி ஏலியன்' 2022இல் சிறந்த மெட்டல் படைப்புக்கான கிராமி விருதைப் பெற்றது; குழுவுக்குக் கிடைத்த முதல் கிராமி அது, அதில் டிரம்ஸ் வாசித்தவர் மான்ஜினி. அவரால் குழு கெட்டது என்பவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 8: நடுவில் இருப்பவற்றை விரைவாக முடியுங்கள்

நடு இடங்களுக்காக மணிக்கணக்கில் மோதுவது தேவையற்றது. ஒரு சில குறிப்புகள் போதும். 'சிக்ஸ் டிகிரீஸ்' ஆல்பத்தின் முதல் தட்டு துணிச்சலானது, 42 நிமிடத் தலைப்புப் படைப்பு கொண்ட இரண்டாம் தட்டு அழகானது. இரண்டும் சேர்ந்து முழுமையாகின்றனவா என்பதே கேள்வி. 'ட்ரெயின் ஆஃப் தாட்' சுமார் மூன்று வாரங்களில் எழுதப்பட்டது, அந்த வேகம் அதன் பலமும் பலவீனமும்: கோபம் குறையவே இல்லை, சோலோக்களும் குறையவே இல்லை. 'ஆக்டவேரியம்' எட்டுப் பாடல்களையும் ஸ்வர வரிசையில் ஒவ்வொரு படியாக ஏற்றி வைத்து, 24 நிமிடத் தலைப்புப் பாடலில் முடிகிறது. அந்தப் பாடல் மட்டும் தனி ஆல்பமாக இருந்திருந்தால் ஐந்தாம் படியில் பேச வேண்டியிருக்கும். நடுவிலுள்ள இரண்டு மென்பாடல்கள் அதைத் தடுக்கின்றன. 2007இன் 'சிஸ்டமேட்டிக் கேயாஸ்' இருபத்தைந்து நிமிடப் பாடல் ஒன்றை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் இரு முனைகளிலும் வைத்தது. சேர்த்துக் கேட்டால்தான் அதன் நியாயம் தெரியும். 2009இன் 'பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தில் நுழைந்தது. தன் தந்தைக்காகப் போர்ட்னாய் எழுதிய 'தி பெஸ்ட் ஆஃப் டைம்ஸ்' பாடலின் இறுதி கிதார் சோலோவைக் கேட்டுவிட்டு அந்த ஆல்பத்தைக் கீழே தள்ள யாருக்கும் கை வராது.

படி 9: புதிய ஆல்பத்துக்குப் பென்சிலால் இடம் குறியுங்கள்

2025 பிப்ரவரியில் வந்த 'பாராசோம்னியா' போர்ட்னாய் திரும்பிய பின் வந்த முதல் ஆல்பம். உறக்கக் கோளாறுகளை மையமாகக் கொண்டது. 'நைட் டெரர்' பாடலில் தொடங்கும் இருள், சுமார் இருபது நிமிட 'தி ஷேடோ மேன் இன்சிடென்ட்' வரை கலையாமல் செல்கிறது. அவர் திரும்பிய மகிழ்ச்சியில் சிலர் இதை முதல் ஐந்துக்குள் வைக்கிறார்கள், பழைய சாயலைக் காரணம் காட்டிச் சிலர் கீழே வைக்கிறார்கள். இரு தரப்பும் டிரம்மரையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆல்பத்தின் ஒற்றுமை உணர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ரூடெஸின் கீபோர்டு பின்னணியில் நின்று சூழலை உருவாக்கும் இடங்கள் மூர் காலத்தை நினைவூட்டுகின்றன. குறையென்று தோன்றுவது, சில ரிஃப்கள் 'ட்ரெயின் ஆஃப் தாட்' ஆல்பத்துக்கு மிக அருகில் நிற்பது. இப்போதைக்கு இதை ஆறாம் இடத்தில், 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' ஆல்பத்துக்கு ஒரு படி கீழே குறித்திருக்கிறேன். இவர்கள் அடுத்த ஆல்பத்தை வெளியிட்ட பிறகு மீண்டும் முதலிலிருந்து கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்தை மையால் எழுதுவேன்.